டிராவல்ஸ் நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்தாறு வண்டி வைத்திருப்பவர், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை காசி யாத்திரை கூட்டிப் போகிறவர், மாடியில் சின்ன ஆபீஸ் போட்டு விமான டிக்கெட்டும் விசாவும் பார்ப்பவர், ஊட்டியில் லாட்ஜ் நடத்துபவர் என்று யாரிடம் பேசினாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வருகின்றன. அவற்றைத் தொகுத்து, எனக்குச் சரியென்று படுகிற பதிலை நேராகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாரும் மொபைலிலேயே புக் செய்துகொள்கிறார்கள். இனி டிராவல்ஸ் என்று ஒன்று தேவையா?

டிக்கெட் போட்டுக் கொடுப்பதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. விமான கம்பெனிகள் ஒரு காலத்தில் ஏஜென்ட்டுகளுக்கு 9 சதவீதம் கமிஷன் கொடுத்தன, அது 7, 5 என்று இறங்கி 2008 வாக்கில் நின்றே போனது. ரயிலுக்கு ஐ.ஆர்.சி.டி.சி., பஸ்ஸுக்கு 2006ல் வந்த ரெட்பஸ், ஓட்டலுக்கு மேக்மைட்ரிப் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்விட்டன. அதை நினைத்து இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

கையில் மீதி இருப்பது ஒன்று. பயணம் கெட்டுப்போகிற நாளில் போனை எடுத்துப் பேசி, மாற்று வழி செய்துகொடுக்கிற ஆள் நீங்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். விமானிகளின் வேலை நேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்றபடி முன்கூட்டியே தயாராகாததால் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மொபைலில் தானே புக் செய்தவர் விமான நிலையத்தில் நின்று, அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று தானே தேடவேண்டியிருந்தது. நல்ல ஏஜென்ட் வைத்திருந்தவருக்கு வேறு விமானத்திலோ தட்கலிலோ சீட் பார்க்க, முடியாவிட்டால் கார் ஏற்பாடு செய்ய ஒரு ஆளாவது இருந்தார்.

திருச்செந்தூரிலிருந்து வெறுங்கையோடு சென்னைக்கு வந்து, எழும்பூர் ரயில் நிலையத்தில் படுத்துறங்கி, அமெரிக்கத் தூதரக வாசலில் மற்றவர்களுக்காக வரிசையில் இடம் பிடித்து நின்று இந்தத் தொழிலுக்குள் வந்தவர் மதுரா டிராவல்ஸ் வி.கே.டி. பாலன். 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஆபீஸ் என்பதுதான் அவருடைய நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. 2024ல் அவர் காலமானார். எந்த நேரத்திலும் கூப்பிட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று அவர் பிடித்துக்கொண்ட வழி இன்றைக்கும் பழசாகிவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சின்ன டிராவல்ஸில் தலைமை, நிர்வாகம் என்றெல்லாம் என்ன இருக்கிறது? ஓனர் சொல்வதுதானே?

ஓனர் சொல்வதுதான், ஆனால் ஓனர் எப்போதும் கூட இருக்க மாட்டார். அங்கேதான் சிக்கலே. வாரணாசியில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தால் கூடப் போன டூர் மேனேஜர் முடிவெடுக்க வேண்டும். அவர் திருநெல்வேலிக்குப் போன் போட்டு, நீங்கள் எழுந்து, யோசித்து, சரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று சொல்வதற்குள் நேரம் போய்விடும்.

அதனால் வண்டி கிளம்பும் முன்பே இரண்டு விஷயத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற தொகை ஒன்று, எந்தெந்த நிலையில் பயணத்தை நிறுத்தித் திரும்பலாம் என்பது இன்னொன்று. தொகை எவ்வளவு என்பது உங்கள் வசதி. ஆனால் அந்தத் தொகைக்குள் அவர் செலவு செய்துவிட்டு வந்தால் அப்புறம் கணக்குக் கேட்டுக் குடையக் கூடாது. ஒரு தடவை குடைந்தால் போதும், அடுத்த தடவை எதற்கெடுத்தாலும் உங்களுக்குத்தான் போன் வரும்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் காஷ்மீர் பயணங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாயின, மே மாதம் ஸ்ரீநகர் உட்பட வட இந்தியாவில் பல விமான நிலையங்கள் சில நாட்கள் மூடிக் கிடந்தன. அந்த மாதிரி நேரத்தில் பணம் கட்டியவர்களுக்கு முதல் நாளே போன் செய்து, உங்கள் பயணம் நடக்காது, இவ்வளவு திரும்பக் கிடைக்கும், இவ்வளவு ஓட்டல்காரரிடம் மாட்டியிருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதை ஓனர்தான் சொல்ல வேண்டும். ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணைத் திட்டு வாங்க விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது தலைமை ஆகாது.

அட்வான்ஸாக வரும் பணத்தை இப்போதைய செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா? எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள், அதனால்தான் விழுகிறார்கள். இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மே மாத டூருக்கு பிப்ரவரியில் பணம் வருகிறது. அந்தப் பணத்தில் மார்ச் மாத டூருக்கான ஓட்டல் பாக்கியைக் கட்டுகிறோம். ஜூன் டூர் அட்வான்ஸை வைத்து மே டூரை ஓட்டுகிறோம். ஆட்கள் வந்துகொண்டே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு மாதம் புக்கிங் நின்றால் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வரும். 1841ல் தொடங்கிய பிரிட்டனின் சுற்றுலா நிறுவனம் தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டபோது உலகம் முழுக்க சுமார் 6 லட்சம் பேர் பயணத்தின் நடுவில் இருந்தார்கள். அவர்களில் ஒன்றரை லட்சம் பேர் பிரிட்டன்காரர்கள். (இந்தியாவில் உள்ள தாமஸ் குக் தனி நிறுவனம், அது விழவில்லை.) கடன் சுமை முக்கியக் காரணம்தான், ஆனாலும் முன்பணத்தில் ஓடும் தொழிலில் நம்பிக்கை போனால் எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அங்கே பயணிகள் பாதுகாப்பு நிதி என்று ஒன்று இருந்ததால் அரசு விமானம் பிடித்து ஆட்களைத் திரும்பக் கூட்டி வந்தது. நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது, ஏமாந்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் நடக்க வேண்டும். அதே 2019ல்தான் இந்தியாவில் காக்ஸ் அண்ட் கிங்ஸ் என்ற சுற்றுலா நிறுவனமும் கடனைக் கட்ட முடியாமல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

நீங்கள் ஒழுங்காக இருந்தாலும் உங்களுக்கு மேலே இருப்பவர் விழலாம். ஜெட் ஏர்வேஸ் விமான கம்பெனி 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றபோது ஏஜென்ட்டுகள் அந்த கம்பெனியிடம் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த பணமும் சேர்ந்து மாட்டியது. கொரோனா சமயத்தில் விமான கம்பெனிகள் ரீஃபண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான கிரெடிட் என்று எழுதிக் கொடுத்தன, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் அதற்கு ஒரு வழி பிறந்தது. அதுவரை வாடிக்கையாளர் யாரிடம் சண்டை போட்டார்? டிக்கெட் போட்டுக் கொடுத்த பக்கத்துத் தெரு டிராவல்ஸ்காரரிடம்தான்.

என்ன செய்யலாம்? இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் எல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து அந்த டூருக்கான விமானம், ஓட்டல், வண்டிச் செலவு மட்டும் போகட்டும். டூர் முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு மிச்சம் இருப்பதுதான் உங்கள் பணம், அதை இன்னொரு கணக்குக்கு மாற்றிச் சம்பளம், வாடகைக்கு எடுங்கள். ஜி.எஸ்.டி.யையும், வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2020 அக்டோபரிலிருந்து வாடிக்கையாளரிடம் பிடிக்க வேண்டியிருக்கிற டி.சி.எஸ். வரியையும் அன்றன்றைக்கே ஒதுக்கிவிட வேண்டும். முதல் வருடம் மூச்சு முட்டும். ஒரு சீசன் வளர்ச்சியைத் தள்ளிப்போட வேண்டி வரலாம். வந்தாலும் பரவாயில்லை.

டிரைவர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை. என்ன செய்வது?

சம்பளம், பேட்டா பற்றி எல்லாரும் பேசுகிறோம், தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி நேர ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே சொல்லிவிட்டது. எத்தனை டிராவல்ஸில் இது நடக்கிறது?

சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி நவக்கிரகக் கோயில்களுக்கு டெம்போ டிராவலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதும் ஒரே நாளில் முடிய வேண்டும். நடை மதியம் சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறக்கும், அதனால் விடியும்போதே திங்களூரிலோ சூரியனார்கோயிலிலோ ஆரம்பித்தாக வேண்டும். அப்படியானால் சென்னையில் முந்தின நாள் இரவே வண்டி எடுக்க வேண்டும். பகல் முழுக்க ஆலங்குடி, திருநாகேஸ்வரம், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் திருநள்ளாறில் முடிக்கும்போது நன்றாக இருட்டியிருக்கும். அப்புறம் பார்ட்டி சொல்வார்கள், “அப்படியே மெதுவா சென்னைக்கு விட்டுடுங்க தம்பி, ரூம் எதுக்கு வீணா.” அந்தத் தம்பி ஒரு நாளுக்கு மேல் தூங்காமல் இருக்கிறார். அவரால் முடியாது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் பார்ட்டி ஓனருக்குப் போன் போடுவார்கள், ஓனர் அவரைத்தான் திட்டுவார்.

இங்கே முடியாது என்று சொல்ல வேண்டியது ஓனர். அதுவும் விலை சொல்லும்போதே. இரண்டு டிரைவர் அல்லது கும்பகோணத்தில் ஒரு இரவு தங்கல், இரண்டில் ஒன்று இல்லாமல் வண்டி கிடையாது என்று சொல்லுங்கள். சில பார்ட்டி பக்கத்து டிராவல்ஸுக்குப் போய்விடுவார்கள், போகட்டும். தங்கும் இடத்தில் டிரைவருக்குக் கட்டிலோடு ஒரு இடமும் குளிக்க வசதியும் உண்டா என்று ஓட்டலிடம் புக்கிங்கின்போதே கேளுங்கள், இல்லையென்றால் பில்லில் சேர்த்து வேறு அறை போடுங்கள். வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் படுக்கிறவரை நம்பி அடுத்த நாள் இருபது குடும்பத்தை ஏற்றுகிறோம். இதைச் செய்கிற ஓனரிடம் ஆட்கள் வருடக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மற்ற இடத்தைவிட அங்கே பேட்டா அதிகம் என்பதாலும் இல்லை.

இன்னொன்று. சின்னக் கீறலுக்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த தடவை பிரேக்கில் சத்தம் வந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

யாத்திரையில் நாமே சமைத்துப் போடுவதுதான் நம் ஸ்பெஷல். அதில் என்ன பிரச்சினை?

சமையல் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய், ஹரித்வாரிலும் அயோத்தியிலும் ரசமும் மோரும் போடுகிற டிராவல்ஸ் மேல் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இருக்கிற பிரியம் எனக்குத் தெரியும். அதை விட வேண்டாம். ஆனால் எங்கே, எப்படிச் சமைக்கிறோம் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து தென்னாட்டுக் கோயில்களைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். ரயில்வே அனுமதிக்காத கேஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்திருந்ததுதான் காரணம்.

ரயிலில் சிலிண்டர் கூடவே கூடாது, ஒரு டீக்குக்கூட. பஸ் என்றால் ஆட்கள் உட்காரும் இடத்தில் சிலிண்டர் வைக்காதீர்கள். மண்டபமோ சத்திரமோ பார்த்து, அங்கேயே அடுப்பும் கேஸும் பேசிக்கொள்ளுங்கள். ஒரு வேளை வெளியே சாப்பிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாஸ்டர் பழைய ஆள், அவருக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிடாமல், கிளம்பும் முன் சாமான் ஏற்றும் இடத்தில் நீங்களே நின்று பாருங்கள்.

பெண்களை டூர் மேனேஜராக அனுப்பலாமா?

தாராளமாக. யாத்திரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். கழிப்பறை வேண்டும், மாத்திரை தீர்ந்துவிட்டது, கால் வீங்கியிருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் ஒரு பெண்ணிடம் உடனே சொல்வார்கள், ஆணிடம் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். தனி அறையும் இரவு நேரப் பாதுகாப்பும் ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. இவ்வளவு நாள் இதை யோசிக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அரசு விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எப்படிச் சமாளிப்பது?

ஒரே இடத்தையோ ஒரே கதவையோ நம்பி இருப்பவர்களுக்குத்தான் இது பேரிடி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பஸ் பக்கம், 2023 டிசம்பர் கடைசியில் சென்னையில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் கோயம்பேட்டை விட்டுப் போக வேண்டிவந்தது. 2024 ஜூனில் வெளிமாநிலப் பதிவெண் கொண்ட ஆம்னி பஸ்கள் தமிழ்நாட்டுக்குள் ஓடுவதை நிறுத்தினார்கள். திருமலையில் மாநிலச் சுற்றுலாக் கழகங்களுக்கு இருந்த தரிசன ஒதுக்கீட்டை ரத்து செய்ய 2024 நவம்பரில் தேவஸ்தானம் முடிவெடுத்தது. அந்த டிக்கெட்டை நம்பி ஓடிய வண்டிகள் எத்தனை!

எதிர்த்து வழக்குப் போடுவது சங்கத்தின் வேலை, போடட்டும். உங்கள் வேலை வேறு. ஊட்டிக் கணக்கில் நாலு பேர் போகும் காரும் ஒரு வண்டி, பதினெட்டு பேர் போகும் வேனும் ஒரு வண்டி. எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வரும் இடத்தில் சேர்ந்து போவதற்குத்தான் மதிப்பு கூடும், அது டிராவல்ஸ்காரருக்கு நல்லது. மலை நெரிசலைக் குறைக்கும் விதி மலைக்கும் நல்லது, அதை மனதார ஒப்புக்கொள்ளலாம். கூடவே, கூட்டம் குறைந்த இடங்களை இப்போதே பழக்கிக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தையும் காரைக்குடி வீடுகளையும் சேர்த்தால் அருமையான இரண்டு நாள் பயணம்.

ஓட்டல் அறைகளை ஆன்லைன் தளங்களில் போட்டால் கமிஷன் கடிக்கிறது. விலகிவிடலாமா?

முழுசாக விலக வேண்டாம், மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். எங்களிடம் சொன்ன விலைக்குக் கீழே வேறு எங்கும் விற்கக் கூடாது என்று ஓட்டல்காரர்களைக் கட்டிப்போட்டதற்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்புக்கு 200 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. புது ஆட்கள் அங்கிருந்து வரட்டும். ஒரு தடவை வந்து போனவர் அடுத்த தடவை உங்களுக்கே போன் செய்ய வேண்டும், அதற்கு ரிசப்ஷனில் இருப்பவர் அவர் பெயரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

புதிய வாய்ப்பு உண்மையில் எங்கே இருக்கிறது?

ரயிலில் இருக்கிறது. தனியாரும் ரயில்வேயிடம் ரயிலை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலா நடத்தலாம் என்று 2021 நவம்பரில் பாரத் கௌரவ் திட்டம் வந்தது. அதில் ஓடிய முதல் ரயில் 2022 ஜூன் 14 அன்று கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குக் கிளம்பியது. முழு ரயில் எடுக்க நம்மால் முடியாது, ஆனால் எடுப்பவர்களிடம் ஒரு பெட்டி அளவு சீட் பேசி நம் ஊர் ஆட்களை அனுப்பலாம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. சென்னை–யாழ்ப்பாணம் விமானம் கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்தது, நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கப்பல் மழைக்காலத்தில் நின்று நின்று ஓடும், அதனால் அதை மட்டும் நம்பித் தேதி கொடுக்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கிருந்து போகவும், கும்பகோணம், சிதம்பரம் பார்க்க அங்கிருந்து வரவும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசும்போது கவனமாக இருங்கள். அது வெறும் உல்லாசப் பயணம் இல்லை, சொந்தங்களை இழந்த ஊர்களுக்கும் போகிறார்கள்.

சென்னை, வேலூர், மதுரை ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்களுக்குத் தங்கும் இடம், வண்டி, மொழி தெரிந்த ஒரு துணை என்று செய்துகொடுப்பதும் பெரிய வேலைதான். அதில் ஆஸ்பத்திரியிடம் கமிஷன் வாங்க ஆரம்பித்தால் நோயாளிக்கு நல்லது எது என்று யோசிப்பதை நிறுத்திவிடுவோம். வாங்காதீர்கள்.

பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர மாட்டேன் என்கிறார்கள்.

அப்பா தீபாவளி, பொங்கல் எதற்கும் வீட்டில் இருந்ததில்லை என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? கட்டாயப்படுத்த வேண்டாம். தொழில் முழுக்க உங்கள் ஒரு போனுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எந்த ஓட்டலில் யாரிடம் பேசினால் அறை கிடைக்கும், எந்த வாடிக்கையாளருக்குச் சர்க்கரை நோய் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால் மகனுக்கும் கொடுக்க முடியாது, வெளி ஆளுக்கும் விற்க முடியாது. எழுதி வையுங்கள். பத்து வருடம் கூட இருக்கும் மேனேஜருக்கு லாபத்தில் பங்கு கொடுத்து, பத்திரமாக எழுதிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது.

ஐந்து வண்டியைப் பதினைந்தாக்கலாமா?

ஆஃப் சீசன் ஜூலையில் பத்து வண்டித் தவணையை எங்கிருந்து கட்டுவீர்கள் என்று சொல்ல முடிந்தால் வாங்குங்கள். எல்லா வண்டியையும் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், இன்சூரன்ஸில் கலவரச் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் ஒரே டெப்போவில் நின்ற தமிழ்நாட்டு கே.பி.என். டிராவல்ஸ் பஸ்கள் நாற்பதுக்கும் மேல் எரிக்கப்பட்டன.

கூகுளில் ஒருவர் மோசமாக எழுதிவிட்டார். அழிக்கச் சொல்லலாமா?

முதலில் போன் செய்து என்ன நடந்தது என்று முழுசாகக் கேளுங்கள், நடுவில் பேசாதீர்கள். தப்பு நம்முடையது என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை அந்த இடத்திலேயே பதிலாக எழுதுங்கள். அழிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். டிரைவர் பெயரைப் போட்டு எழுதியிருந்தால் அவரையும் கூப்பிட்டு, அவர் பக்கத்தைக் கேட்ட பிறகு பதில் எழுதுங்கள்.